எட்டில் இருந்த சிரிப்பு

நூற்று முப்பத்தி ஒன்று, அறை எண் மூன்றிற்குச் செல்லவும் என்றாள் குமுதவல்லி. சொன்ன விதம் அவளுக்கே பிடித்திருந்தது. அடடா, ஒரு எழுத்துகூடத் தேயாமல் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள் பார் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளே மெச்சிக்கொண்டாள். இரண்டு குமுதவல்லியா என்று யாரும் மிரள வேண்டாம். கூரையோரத்து ஸ்பீக்கரில் பேசியவள் பல வருஷத்துக்கு முன்னால் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்துவிட்டு வந்த குமுதவல்லி. நாற்காலியில் இருந்தவள் தொண்டைக்குள் வளர்ந்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று வாரம் மூச்சுக் காட்டக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்ற கட்டளையோடு வீட்டுக்குப் போய், இன்று திரும்பி வந்திருக்கும் குமுதவல்லி. இன்றைக்கு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார், பேசச் சொல்லிக் கேட்பார், குரல் திரும்புமா திரும்பாதா என்று சொல்லிவிடுவார். அதற்காகத்தான் வெறும் வயிற்றோடு வா என்றிருந்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பயமாக இருக்கிறதா என்று வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததும் இந்த ஸ்பீக்கர் பேசத் தொடங்கிவிட்டது. பயம் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தில் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்து குந்திக்கொண்டது. இந்தக் கூடத்தில் வாயைத் திறக்கக் கூடாதவள் ஒருத்தி. வாயை மூடவே தெரியாதவள் ஒருத்தி. இரண்டும் ஒரே ஆள். இதென்ன கூத்து என்று சிரிக்கலாம் என்றால் சிரிக்கவும் கூடாதாம்.

பழக்கமில்லாதது ஒன்றும் இல்லை. பாங்குக்குப் போன் செய்தால் இவள், சிலிண்டர் பதிவு செய்யப் போனால் இவள், பெரிய துணிக்கடை லிஃப்டுக்குள் நின்றால் கதவு மூடுகிறது என்று எச்சரிப்பவள் இவள். பூனாவில் இருக்கும் மகன் அருள்நிதி ஒருநாள் கூப்பிட்டு, "அம்மா, இன்னைக்கு உன்கிட்ட அரைமணி நேரம் லைன்ல நின்னேன், எல்லாரும் பிஸியா இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, பெத்த புள்ளைன்னு ஒரு இது வேணாமா" என்று வம்புக்கு இழுத்தான். கணவர் சபாபதி அதற்கும் மேலே. சமையலறையிலிருந்து இவள் ஏதாவது கேட்டால், ஒன்றை அழுத்தவா இரண்டை அழுத்தவா என்பார். கேலிதான், கேலியில் குற்றமில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்று யோசித்துப் பார்க்க அவளுக்கு நேரமே கிடைத்ததில்லை. பேசிக்கொண்டே இருந்தால் எப்படிக் கிடைக்கும்? இந்த மூன்று வார மௌனத்தில்தான் கிடைத்தது. மௌனத்தில் முதல் வாரம் எரிச்சல், இரண்டாவது வாரம் தூக்கம், மூன்றாவது வாரம் இந்த யோசனை. நான் பேசாதபோது உள்ளே பேசுகிறதே ஒன்று, அது எந்தக் குரலில் பேசுகிறது? காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள். கேட்கப் போனால் நின்றுவிடுகிறது. சரி, கேட்காத மாதிரி இருந்து பார்ப்போம் என்று கீரை ஆய்ந்துகொண்டே ஒட்டுக் கேட்டாள். அதற்கும் பிடி கொடுக்கவில்லை, கள்ளி.

"இன்னாம்மா, இங்க ஆளு இருக்குதா?" என்று கேட்டபடியே பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள் ஒருத்தி. கனத்த உடம்பு, காதில் பெரிய கம்மல், ஈயச்சட்டியைச் சுரண்டுவது போலத் தேய்ந்த குரல். கேட்காமலே சொன்னாள்: பேர் தேசம்மா, காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள், கத்திக் கத்தித் தொண்டையில் காய் காய்த்துவிட்டதாம், கத்தாதே என்று டாக்டரம்மா சொல்கிறாளாம், கத்தாமல் மீனை எவன் எடுப்பான். "உனுக்கு இன்னா நோவு? பேரு இன்னா?" குமுதவல்லி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள். தேசம்மா முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, ஊமையா தாயி! பொறவியிலேயேவா?" இல்லை என்று தலையாட்டினால் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் காதும் கேட்காது என்று தானே முடிவு கட்டி, இவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக, வாயை அகலத் திறந்து திறந்து சொன்னாள்: "நூத்தி நாப்பத்தெட்டு! எனக்கு ஒம்போது! நீ பயப்படாத. உன் நெம்பரை அந்தப் பொம்பள கூவுனா நான் தட்டி எழுப்பறேன், இன்னா?" சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். "இவளுக்கு மட்டும் தொண்ட நோவாதா? வந்ததுலேர்ந்து கூவினே கீறா. ஒரு இருமல் உண்டா, ஒரு செருமல் உண்டா. மனுசியா அவ?" குமுதவல்லிக்கு வயிற்றுக்குள் சிரிப்பு உருண்டது. மனுசியா அவ. நல்ல கேள்வி, அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் தாயே.

மனுஷியாகத்தான் போனாள். சாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், யாரோ சொல்லி, பதிவுக்கூடத்தில் குரல் பார்க்கிறார்கள் என்று போனாள். அங்கே போன முதல் நாள் வேலை இடைவேளையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்து, ஊர்ப் பேச்சு மாறாமல், எனக்குப் பசிக்கி, சாப்பிட்டுட்டு வரட்டா என்றாள். பசிக்கியாம், பசிக்கியாம் என்று அந்த அறையே விழுந்து விழுந்து சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அன்றைக்கு முழுங்கிய அந்தச் சொல்லை அவள் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. எடுக்க விடவும் இல்லை. மேடம், ஊர் வாசனை வேண்டாம், எந்த ஊர்க்காரி என்று தெரியக் கூடாது என்றார்கள். சரி என்று ஊரை எடுத்தாள். வயசு தெரியக் கூடாது என்றார்கள், வயசை எடுத்தாள். கோபம், அலுப்பு, பிரியம், சளி எதுவும் கூடாது, கேட்கிறவனுக்குத் தன்னிடம் ஒரு ஆள் பேசுகிறாள் என்று தோன்றிவிடக் கூடாது, தோன்றினால் திருப்பிப் பேசத் தொடங்கிவிடுவான் என்றார்கள். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தாள். வளையலைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், ஓசை வருமாம். சலசலக்கும் புடவை கட்டக் கூடாது. ஏசியை நிறுத்திவிடுவார்கள், அதன் உறுமல் மைக்கில் விழுமாம். வேர்த்து ஊற்ற ஊற்ற, கை வெறுங்கையாக, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்பாள். நன்றாகச் செய்தாள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளைப் போலச் சுத்தமாகச் செய்ய ஊரில் ஆள் கிடையாது என்பார் ஒலிப்பதிவு செய்யும் இருதயராஜ். அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. எதை எடுத்து வைத்தோமோ அதை வெளியே வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டோமா என்று மட்டும் பார்க்கவில்லை. வளையலை எடுத்துக்கொண்டாள், நன்றாக நினைவிருக்கிறது.

நூற்று முப்பத்தி மூன்று என்றது ஸ்பீக்கர். முப்பத்தி என்பது தனி, மூன்று என்பது தனி. எண்களைத் துண்டு துண்டாகத்தான் வாங்குவார்கள். நூற்று என்று ஒரு பிடி, முப்பத்தி என்று ஒரு பிடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசியில் வருவதற்கு ஒரு பிடி. பிறகு மெஷின் எடுத்துக் கோத்துக்கொள்ளும். கடைசியில் வருவது கொஞ்சம் இறங்கி முடிய வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி எண்களைப் பதிந்த அன்று மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று வரும்போது அவள் வயிறு கொடகொடவென்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருதயராஜ் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு புருவத்தையும் தூக்கினார். இடி இடிச்சுதா மேடம் என்றார். மறுபடி எட்டு சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள், ஆனால் அந்த எட்டின் வாலில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சிரிப்பு என்றால் சத்தமே இல்லை, மூக்கில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள். அவர் ஓடவிட்டுக் கேட்டார், மறுபடி கேட்டார், பிறகு, "இருந்துட்டுப் போகட்டும் மேடம், யாருக்குத் தெரியப் போகுது, எங்கயாவது ஒரு இடத்துல நீங்க இருக்க வேண்டாமா" என்றார். அவர் மட்டும் அதை விட்டு வைத்தார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், பஸ் நிலையத்திலும் பாங்கிலும் எட்டு வரும்போதெல்லாம் குமுதவல்லி காதைத் தீட்டிக்கொள்வாள். சிரிப்பு இருக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷம்.

இதை எல்லாம் இப்போது ஏன் நினைக்க வேண்டும்? காரணம் இருந்தது. சற்று முன்னால் ஸ்பீக்கர் எண்களுக்கு நடுவே வேறொன்று சொல்லியிருந்தது. மருந்தகம் தரைத்தளத்திற்கு மாற்றப்பட்டுள்ளது என்று. சாதாரண வாக்கியம். நான்கு பேர் எழுந்து கீழே போனார்கள். குமுதவல்லி மட்டும் உட்கார்ந்த இடத்தில் விறைத்துப் போனாள். இதை நான் எப்போது சொன்னேன்? மருந்தகம் என்று சொல்லியிருக்கலாம், எதற்காவது சொல்லியிருப்பேன். தரைத்தளம், லிஃப்டுக்குச் சொன்னேன். மாற்றப்பட்டுள்ளது, தொலைபேசி எண்ணுக்குச் சொன்னேன். ஆனால் இப்படி ஒரே மூச்சில், ஒட்டுத் தெரியாமல், இந்த மருத்துவமனைக்காக? நான் இந்த மருத்துவமனைக்கு எதுவுமே சொன்னதில்லையே. சொல்லாததை என் குரல் சொல்கிறது. இவள் குரலைப் பதிந்து விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன மாதம் பேசியது அப்போதுதான் உறைத்தது. ஆபரேஷனா மேடம், கவலையே படாதீங்க, நீங்க இனிமே வரவே வேண்டாம், உங்க பழைய பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தா அதுவே உங்க குரல்ல எதை வேணா பேசிடும், நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க என்று எவ்வளவு அன்பாகச் சொன்னான். ஏதோ சொல்கிறான் என்று இருந்துவிட்டாள். குரல் எங்கள் சொத்து என்று என்றைக்கோ கையெழுத்து வாங்கியவர்கள்தான், கேட்டுக்கொண்டா செய்வார்கள். அப்படியானால் இது நானா, அதுவா? பயந்து எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் குமுதவல்லி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் குடிவந்தவளை ஜன்னல் வழியே நோட்டம் விடுகிற அதே ஆர்வம்தான். சளியில்லை, அலுப்பில்லை. என்னைவிட நன்றாகவே செய்கிறாள், சனியன். ஒரு வழிதான் இருக்கிறது. எட்டு வரட்டும். எட்டில் சிரிப்பு இருந்தால் அது நான். இல்லாவிட்டால் யாரோ.

முப்பத்தி ஆறு வந்தது. முப்பத்தி ஏழு வந்தது. குமுதவல்லி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நூற்று முப்பத்தி என்று தொடங்கியதும் தேசம்மாவுக்கு வந்ததே ஒரு தும்மல், கூடமே திரும்பிப் பார்த்தது. "இந்த ஏசி எனுக்கு ஆவறதில்ல" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எட்டு போயே போய்விட்டது. குமுதவல்லி அவளை முறைத்த முறைப்பைப் பார்த்து, "இன்னா, உன் நெம்பர் இல்லம்மா, இன்னும் பத்து ஆளு கீது" என்று தட்டிக் கொடுத்தாள். சரி, அடுத்த எட்டு என்னுடையதே. என்னைக் கூப்பிட என்னையே அனுப்புவார்கள், அப்போது பார்த்துக்கொள்கிறேன். வயிறு கிள்ளியது. பசி வந்தால் பழையதெல்லாம் ஞாபகம் வரும் போலிருக்கிறது. வர வேண்டாம் என்று அவள் எப்போதும் தள்ளித் தள்ளி வைக்கும் அந்த விடியற்காலையும் வந்துவிட்டது. அப்பா இறந்த அன்று. சென்னை ஆஸ்பத்திரியில் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். சாத்தூரில் தங்கை செண்பகத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் செய்தாள், தன் போனில் சார்ஜ் இல்லை. அழக் கூடாது, அழுதால் அவளுக்கு ஒன்றும் புரியாது, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மைக் முன்னால் வணக்கம் சொல்வது போல, மூச்சை இழுத்துப் பிடித்து, அப்பா இன்று அதிகாலை காலமாகிவிட்டார் என்றாள். செண்பகம் போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தாள், மறுபடி வைத்துவிட்டாள். ஊருக்குப் போன பிறகு, பந்தலுக்கடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு செண்பகம் கதறினாள்: "ஏதோ கம்பெனிக்காரி ரெக்கார்டு போட்டுருக்கான்னு நெனச்சு வச்சுட்டேம்க்கா. ஒன் தொண்டைன்னே தெரியலயே. அப்பான்னு சொன்னியே, அப்பான்னா இப்படியா சொல்லுவ?" அப்பான்னா இப்படியா சொல்லுவ. அழுகைக்கு ஒரு குரல் வேண்டும், அதைத் தேடும்போது கைக்கு வந்தது அந்தக் குரல்தான். வேறு எதுவும் கிட்டத்தில் இல்லை. வீட்டுக் குரல் என்று ஒன்றை எங்கேயோ வைத்தேன், எங்கே வைத்தேன்? ஊரில் தெருமுனையிலிருந்து செம்பகம் ஏ செம்பகம் என்று கத்துவேனே, அந்தத் தொண்டை எங்கே போயிற்று? டாக்டர் வெட்டி எடுத்தாரே ஒரு சதை, அதில் எது போயிருக்கும்? இரண்டும் போயிருந்தால்? இந்த மெஷின்காரியாவது மிச்சம் இருப்பாள், சபாபதி பாங்குக்குப் போன் போட்டால் பெண்டாட்டி குரலைக் கேட்கலாம். நினைத்ததும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது; எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

தேசம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை, ஊமையிடம் என்ன கேட்பது. தன் பெரிய கையை இவள் கைமேல் வைத்துக்கொண்டாள். மீன் வாடை லேசாக அடித்தது. நாற்பத்தி ஐந்து. நாற்பத்தி ஆறு. கூடத்தில் கூட்டம் குறைந்துவிட்டது, எதிர் வரிசையில் ஒரு கைக்குழந்தை அசந்து தூங்கியது, யாரும் பேசவில்லை. நாற்பத்தி ஏழு. குமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று நாற்பத்தி எட்டு, அறை எண் மூன்றிற்குச் செல்லவும். அவ்வளவு அமைதியில், அவ்வளவு கிட்டத்தில், தெள்ளத் தெளிவாகக் கேட்டது. எட்டு அழகாக இறங்கி முடிந்தது. வாலில் ஒன்றுமில்லை. மூக்கில் காற்றில்லை. துடைத்து வைத்த எட்டு. இருதயராஜ் விட்டு வைத்ததை எந்த மெஷினோ பழுது என்று நினைத்துச் சரிசெய்துவிட்டது. அவளைக் கூப்பிட்டவள் அவள் இல்லை. அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கூப்பிட்டது யாரையோ என்று உட்கார்ந்திருந்தாள். "ஏ தாயி, உன்னத்தான், உன்னத்தான் கூவுறா, எந்திரி!" என்று தேசம்மா அந்தத் தேய்ந்த தொண்டையால், டாக்டர் பேச்சை மீறி, ஏலக் கூடத்துக்கே கேட்கும்படி கத்தி, தோளைப் பிடித்து எழுப்பி, அறை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். "நல்லா கீதுன்னுதான் சொல்லுவாங்க, போ."

டாக்டர் ரெஹானா சின்னப் பெண், மெல்லப் பேசுகிறவர். மூக்கு வழியாகக் குழாய் போனபோது கண்ணில் நீர் முட்டியது. திரையில் வெளுப்பாக இரண்டு மடிப்புகள் திறந்து மூடின. இதுதானா, இத்தனை வருஷம் பேசியது இந்தத் துக்கடாவா என்று குமுதவல்லி வாயைப் பிளந்து பார்த்தாள். புண் நல்லா ஆறியிருக்கு என்றார் டாக்டர். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஆனா பழைய குரல் திரும்பி வராதும்மா. கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கும். பேசலாம், தாராளமாப் பேசலாம். ரெக்கார்டிங்குக்கு எல்லாம் முடியாது." நினைத்ததுதான். நினைத்தது என்பதற்காக வலிக்காமல் போகுமா. பழைய குரல் வெளியே கூடத்தில் இருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம், நூற்று நாற்பத்தி ஒன்பதைக் கூப்பிடக் காத்துக்கொண்டு. இங்கே என்ன மிச்சம்? "எங்கே, ஒண்ணுலேந்து பத்து வரைக்கும் எண்ணுங்க, கேக்கிறேன்." குமுதவல்லி முதுகை நிமிர்த்தினாள், கை தானாக வளையலைத் தேடியது, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒன்று என்றாள். காற்றுதான் வந்தது. இரண்டு. அதுவும் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. "அப்படி இழுத்துப் பிடிக்காதீங்கம்மா. வீட்டுல எண்ணுற மாதிரி எண்ணுங்க." வீட்டில் எண்ணுகிற மாதிரி. வீட்டில் எப்படி எண்ணுவேன்? தோளைத் தளர்த்தினாள். ஒண்ணு. யார் இது? ரெண்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ் திரியைத் திருகுகிற மாதிரிக் கரகரவென்று, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு இழுப்போடு ஒரு பொம்பளை எண்ணுகிறாள். மூணு, நாலு. முன்பின் தெரியாதவள், ஆனால் எங்கேயோ பார்த்திருக்கிறேன். அஞ்சு. ஆறு. தெருமுனையில் நின்று கத்துவாளே, அவளா? ஏளு. எட்டு என்று சொல்ல வாயெடுத்தபோது, காலையிலிருந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வயிறு கொடகொடவென்று இடி இடித்தது. எட்டு சொல்லியாகிவிட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் வந்துவிட்டது, மூக்கில் வெறும் காற்றாக இல்லை, உடைந்த தொண்டை முழுக்க, கண்ணில் நீர் கொட்டக் கொட்ட.

"என்னம்மா, எட்டோட நிறுத்திட்டீங்க? வலிக்குதா?" என்றார் டாக்டர் பதறிப்போய்.

குமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "பசிக்கி."